எடை இன்று, விலை நாளை

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் இருக்கும் எங்கள் அலுவலகச் சுவரில் ஒரே ஒரு விதி எழுதி ஒட்டியிருக்கிறது: திங்கள், புதன், சனி மாலைக்குப் பிறகு சர்வரில் யாரும் கை வைக்கக் கூடாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஏன் என்று கேட்பார்கள். தங்கச்சிமடத்துக்காரர்கள் யாரும் கேட்டதில்லை. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் அந்த மூன்று நாட்கள்தான் கடலுக்குப் போகும். மற்ற நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. திங்கட்கிழமை அனுமதி டோக்கன் வாங்கிப் போன விசைப்படகு செவ்வாய் விடியலில் கரைக்கு வரும். அந்த இருட்டில், ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கும் கூடை இழுக்கும் சத்தத்துக்கும் நடுவே, எங்கள் செயலியில் பில்கள் விழத் தொடங்கும். அப்போது அது நின்றுபோனால் நாங்கள் மன்னிப்புக் கேட்டுப் பயனில்லை. மீன் காத்திருக்காது.

2018 முதல் இந்தக் கரையில் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். மீன் வியாபாரிகளுக்கும் படகு உரிமையாளர்களுக்கும் இடையே ஓடும் கணக்கை எழுதும் செயலி எங்களுடையது. புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் எந்தக் கணினி மொழி நல்லது, எந்தச் சர்வர் மலிவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றே: உங்கள் வாடிக்கையாளரின் கையில் பணம் எந்த நாளில் வருகிறது, எந்த நாளில் போகிறது? அது தெரியாமல் எழுதிய நிரலை எல்லாம் நான் குப்பையில் போட்டிருக்கிறேன். தெரிந்த பிறகு எழுதியதுதான் இன்று ஓடுகிறது.

முதலில் நாங்கள் செய்தது வேறு தொழில். சென்னையில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு நானும் கல்லூரி நண்பனும் ஊர் திரும்பினோம். இடைத்தரகரை நீக்கி, படகிலிருந்து நேரே மதுரை வீடுகளுக்கு மீன் கொடுப்பது எங்கள் திட்டம். கரை விலையைவிடக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னோம். செயலி அழகாக இருந்தது. மதுரையில் ஆர்டரும் வந்தது. மீன்தான் வரவில்லை. படகு உரிமையாளரை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். அப்பாவுக்குத் தெரிந்த சம்மாட்டிகள் முதல் இரண்டு வாரம் மீன் தந்தார்கள். பிறகு நாட்டுப்படகிலிருந்து கொஞ்சம் கணவாய், கொஞ்சம் நகரை என்று குறைந்துபோனது. பதினொரு மாதம் தள்ளினோம்.

ஏன் என்று பாம்பன் சம்மாட்டி ஒருவர் ஒருநாள் வலை பொத்திக்கொண்டே சொன்னார். "தம்பி, நீங்கள் கிலோவுக்கு இருபது ரூபாய் கூட்டித் தருகிறீர்கள். நல்லதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு என் மகளுக்கு வலி எடுத்தால் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக நீங்கள் பணம் தருவீர்களா? என்ஜின் உட்கார்ந்துவிட்டால் என்ஜினுக்குத் தருவீர்களா? அவர் தருகிறார்."

அவர் என்று அவர் சொன்னது வியாபாரியை. நாங்கள் நீக்க நினைத்த அதே இடைத்தரகரை. அவர் மீன் வாங்குகிறவர் மட்டுமல்ல. டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுப்பவர். அந்த முன்பணம் இருக்கிறவரை படகின் மீன் அவருக்குத்தான். வட்டி என்று தனியாக எழுதமாட்டார், விலையிலும் கழிவிலும் எடுத்துக்கொள்வார். இது நியாயமா என்றால், பல இடங்களில் நியாயமில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த ஏற்பாடு செய்கிற வேலையை நான் செய்யத் தயாராக இல்லாதபோது அதை நீக்க எனக்கு என்ன தகுதி? இடைத்தரகரை நீக்குகிறோம் என்று கிளம்புகிற ஒவ்வொருவரும், அவர் என்னென்ன வேலை செய்கிறார் என்று ஒரு மாதமாவது கூட இருந்து பார்க்க வேண்டும்.

நான் மூன்று வாரம் கூட இருந்து பார்த்தேன். வேதாளை வியாபாரி ஒருவர், நான் காக்கா (அண்ணன்) என்று அழைப்பவர், தன் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவரிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று கரை நோட்டு. ஈரத்தில் ஊறி, செதில் ஒட்டி, படகின் பெயரும் எடையும் மட்டும் உள்ளது. இன்னொன்று வீட்டில் இருக்கும் பெரிய நோட்டு. மாலையில் முன்னதிலிருந்து பின்னதற்கு எழுதுவார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் சண்டைகள் எல்லாம் பிறந்தன. ஈரத்தில் 3 என்பது 8 ஆகிவிடும். ஒரு படகின் நண்டு இன்னொரு படகின் பக்கத்துக்குப் போய்விடும்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் அங்கேதான் கண்டேன். சில சரக்குக்கு எடை இன்று, விலை நாளை. இறாலும் நண்டும் கணவாயும் ஏற்றுமதி கம்பெனிக்குப் போகும். கம்பெனி தரம் பிரித்து, இறாலில் கிலோவுக்கு எத்தனை என்று எண்ணி, விலையைப் பிறகுதான் சொல்லும். காக்காவின் மருமகன் ஏற்கெனவே ஒரு பில்லிங் மென்பொருள் வாங்கி வைத்திருந்தார். மளிகைக் கடைக்காகச் செய்த அதில் விலை போடாமல் பில்லைச் சேமிக்க முடியாது. அவர் ஒவ்வொரு பில்லிலும் ஒரு ரூபாய் என்று போட்டுவிட்டு மறுநாள் திருத்துவார். திருத்த மறந்த பில்களை நான் பார்த்தேன். நாற்பது கிலோ நண்டு, நாற்பது ரூபாய்.

விலை இல்லாமல் சேமிக்கக்கூடிய பில். அவ்வளவுதான் எங்கள் முதல் பொருள். எடை உறுதி, விலை நிலுவை என்று ஒரு நிலை. விலை வந்ததும் ஒரே இடத்தில் போட்டால் அன்றைய பில்கள் அனைத்திலும் ஏறிவிடும். இதை நான் சென்னையில் உட்கார்ந்திருந்தால் பத்து ஆண்டுகள் ஆனாலும் கண்டுபிடித்திருக்கமாட்டேன். வாடிக்கையாளரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார். ஒரு ரூபாய் போட்டுப் பிறகு திருத்துவது அவருக்கு வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது, குறையாகவே தெரியவில்லை.

கரையில் உட்கார்ந்ததால் திரையும் மாறியது. ஈர விரலைத் தொடுதிரை சரியாக உணராது. ஆகவே எண்களைத் திரையின் பாதி அளவுக்குப் பெரிதாக்கினோம். பில் போடுகிறவர் முதலாளி இல்லை, பத்தொன்பது வயதுப் பையன். அவனுக்கு ஒரு பெட்டிக்கு நான்கு விநாடிக்கு மேல் கிடைக்காது. பிரிண்டரில் தமிழ் வரவைப்பதற்கே ஆறு வாரம் போனது. மலிவான 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறிகள்தான் வரும். பில்லை முழுவதும் ஒரு படமாக வரைந்து, அகலத்துக்கு 384 புள்ளி என்று அளந்து, வரி வரியாக ப்ளூடூத்தில் அனுப்ப வேண்டும். மெதுவாக இருந்தது. ஆங்கிலத்திலேயே பில் கொடுத்துவிடலாம் என்று நண்பன் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தன் படகின் பெயரைத் தானே படித்துப் பார்க்க முடியாத தாளை ஒரு மனிதரின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றும் அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

இனி, நாங்கள் செய்த பெரிய தவறு. இதை விரிவாகச் சொல்ல வேண்டும். மென்பொருள் நிறுவனம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அதன் பிறகுதான்.

காக்காவிடம் இரண்டு போன்களில் செயலி இருந்தது. ஒன்று கரையில் மருமகனிடம், மற்றொன்று வீட்டில் அவரிடம். ஒரு வியாழன் காலை கரையில் சிக்னல் இல்லை. மருமகன் ஒரு படகுக்குப் பில் போட்டு, முன்பணப் பிடித்தத்தைக் கழித்து, பழைய பாக்கியைக் குறைத்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் அந்தப் படகின் சம்மாட்டியுடைய மனைவி காக்காவின் வீட்டுக்கு வந்து 14,000 ரூபாயை ரொக்கமாகக் கட்டினார். மகளிர் குழுவில் வாங்கிய பணம் அது. காக்கா தன் போனில் வரவு வைத்தார். அப்போது எங்கள் செயலி ஒவ்வொரு படகுக்கும் பாக்கி என்று ஓர் எண்ணைச் சேமித்து வைத்திருந்தது. இரண்டு போன்களும் இணையத்துக்கு வந்தபோது, பிந்தி வந்த எண் முந்திய எண்ணின் மேல் எழுதிவிட்டது. 14,000 ரூபாய் காணாமல் போனது. எந்தப் போனிலும் எச்சரிக்கை வரவில்லை.

தெரியவந்தது மீன்பிடித் தடைக்காலத்தில், கணக்கு பார்க்கும்போது. அந்த அம்மா கட்டினேன் என்றார். காக்கா போனைக் காட்டினார். போனில் இல்லை. வீட்டில் கட்டிய பணத்துக்கு யாரும் பில் அடித்துத் தரவில்லை. நோட்டு இருந்த காலத்தில் என்றால் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள், மையின் நிறத்தைப் பார்த்திருப்பார்கள், ஒருவேளை நான்தான் எழுத மறந்தேனோ என்று காக்கா யோசித்திருப்பார். போன் என்றதும் அந்தச் சந்தேகமே அவருக்கு வரவில்லை. எந்திரத்துக்கு எதிராக அந்தப் பெண்ணின் சொல் நிற்கவில்லை. பத்து நாட்கள் அவர் அந்தத் தெருவில் பொய்க்காரி என்ற பெயரோடு இருந்தார்.

எங்கள் காதுக்கு விஷயம் வந்தபோது சர்வர் பதிவுகளைத் தோண்டினேன். காக்காவின் போன் அனுப்பிய வரவு அதில் இருந்தது, அடுத்த நிமிடமே அது மறைந்ததும் இருந்தது. அன்று மாலையே இரண்டு வீடுகளுக்கும் போய், தவறு எங்களுடையது என்று சொன்னேன். சம்மாட்டி எதுவும் பேசவில்லை. அந்த அம்மா, "அதை எழுதிக் கொடுங்கள்" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காக்கா என்னைத் திட்டியிருக்கலாம். "தம்பி, கணக்குத் தவறினால் திருத்திக்கொள்ளலாம். அந்தப் பிள்ளையை நான் பொய்க்காரி என்று சொல்லிவிட்டேனே" என்றார். அதைக் கேட்ட பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதிய வாடிக்கையாளர் சேர்ப்பதை மூன்று மாதம் நிறுத்திவிட்டு அடித்தளத்தை மாற்றினோம். தொழில்நுட்பத்தில் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பாக்கி என்ற எண்ணை இப்போது நாங்கள் சேமிப்பதில்லை. பதிவுகளை மட்டும் சேமிக்கிறோம், கேட்கும்போது கூட்டிக் கழித்துப் பாக்கியைக் காட்டுகிறோம். ஒரு பதிவை யாரும் திருத்தவோ அழிக்கவோ முடியாது. தவறினால் அதை ரத்தாக்கும் எதிர்ப்பதிவு போட்டு, சரியானதைப் புதிதாக எழுத வேண்டும். ஒவ்வொரு போனும் தன் பதிவுக்குத் தானே ஓர் அடையாள எண் தருகிறது. அந்த எண் வேறெந்தப் போனோடும் மோதாது. போனின் கடிகாரத்தை நம்பி வரிசைப்படுத்துவதில்லை, பல போன்களில் மணியே தவறாக இருக்கும். பணம் முழுவதும் பைசாவாக, எடை முழுவதும் கிராமாக, முழு எண்களில். கணினியின் தசமக் கணக்கில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. ஒரு பில்லில் அது தெரியாது, ஓராண்டில் தெரியும்.

இதையெல்லாம் செய்து முடித்தபோது என் தாத்தாவின் கருவாட்டுக் கடை நோட்டு நினைவுக்கு வந்தது. நாள்வழியில் அடித்து எழுதக் கூடாது என்பார் அவர். தப்பினால் அடுத்த வரியில் எழுது, பேரேட்டில் சேர்க்கும்போது சரியாகிவிடும் என்பார். நான் பட்டப்படிப்பு படித்து, சென்னையில் வேலை பார்த்து, ஒரு பெண்ணின் மானத்தைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது.

பணத்தைப் பற்றி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும். இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் முதல் ஆண்டு மாதம் 400 ரூபாய் என்று கட்டணம் வைத்தபோது அதை என் வருமானக் கணக்கில் நான் எழுதவில்லை. 43 வியாபாரிகள் இருந்தார்கள். மே மாதம் பணம் கட்டியவர்கள் ஆறு பேர். மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. மனைவியின் வளையல்கள் வங்கிக்குப் போயின. மீட்க ஒன்றரை ஆண்டு ஆனது. அந்த நாட்களில் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

இப்போது மாதக் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, பத்து மாதத்துக்கான தொகை. தடைக்காலத்துக்குக் காசு இல்லை, ஆனால் செயலி திறந்திருக்கும். கணக்கு பார்ப்பதே அந்த மாதங்களில்தான். புதுப்பிக்கும் மாதம் ஜூலை. ஜூன் நடுவில் கடல் திறந்ததும் முதல் சில வாரம் மீன்பாடு பெரும்பாலும் நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பணம் தடைக்காலக் கடனுக்குப் போய்விடும். ஜூலையில்தான் வியாபாரியின் கையில் கொஞ்சம் நிற்கும். நான் ஏப்ரலில் கேட்டிருந்தால் அதே மனிதர் இல்லை என்றிருப்பார். அரசு நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுத்து ஊரைத் தாங்குகிற இரண்டு மாதத்தில் நான் கட்டணம் கேட்டு நிற்பது எனக்கே சரியாகப் படவில்லை. கட்டணத்தைக் குறைப்பதா கூட்டுவதா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்திருக்கிறோம். மாதத்துக்கான தொகை அப்படியே இருக்க, கேட்கும் மாதத்தை மாற்றியதும் நிலைமை மாறிவிட்டது.

பிறகு குளச்சல் பக்கம் போனதும் இதே கணக்கில்தான். மேற்குக் கடற்கரைக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எங்கள் படகுகள் கரையில் நிற்கும் மே மாதம் அவர்கள் கடலில் இருக்கிறார்கள். இரண்டு கரையும் சேர்ந்து தூங்குவது இரண்டு வாரம் மட்டுமே. அங்கே மீன்களின் பெயர் மாறியது, பங்கு பிரிக்கும் முறை மாறியது, நாங்கள் எழுதிவைத்த சொற்கள் பாதி அவர்களுக்குப் புரியவில்லை. ஓராண்டு உழைத்துத்தான் கால் ஊன்றினோம். ஆனாலும் மே மாதச் சம்பளத்துக்கு வழி கிடைத்தது.

பெரிய வாடிக்கையாளர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். ஏற்றுமதி நிறுவனம் ஒன்று ஆறு லட்சத்துக்கு ஆர்டர் கொடுத்தது. வேலையை முடித்து அன்றே பில் போட்டேன். ஜிஎஸ்டி 18 சதவீதம், 1,08,000 ரூபாய். பில் போட்ட மாதத்துக்கே அந்த வரியைக் கட்டியாக வேண்டும், பணம் வந்ததா இல்லையா என்று அரசு பார்க்காது. பணம் ஏழு மாதம் கழித்து வந்தது. ஏழு மாதமும் அவர்களுடைய வரியை என் கடனில் சுமந்தேன். இப்போது முன்பணம் வாங்காமல் வேலை தொடங்குவதில்லை. மீதியையும் கட்டம் கட்டமாகத்தான் பில் போடுகிறேன். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு வைத்திருங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம் அதற்குப் பல் கொடுத்தது. தாமதித்தால், பணம் கொடுக்கிற ஆண்டில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் இதை மரியாதையாக ஒரு கடிதத்தில் நினைவுபடுத்தினால் கணக்குப் பிரிவிலிருந்து பதில் வருகிறது.

நண்பன் 2020-ல் பிரிந்து பெங்களூரு போனான். சண்டை இல்லை. அவன் வீட்டுக்கு நிலையான சம்பளம் தேவைப்பட்டது. ஆனால் பாதிப் பாதிப் பங்கு என்று வாயால் பேசியது தவிர எதையும் எழுதவில்லை. ப்ளே ஸ்டோர் கணக்கு அவன் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. செயலிக்குக் கையொப்பமிடும் சாவிக்கோப்பு அவனுடைய பழைய மடிக்கணினியில் இருந்தது. அந்தக் காலத்தில் அந்தக் கோப்பு தொலைந்தால் செயலியைப் புதுப்பிக்கவே முடியாது. புதிய பெயரில் புதிய செயலி போட்டு ஒவ்வொரு வியாபாரியிடமும் போய் மாற்றித் தர வேண்டும். அவன் நல்லவன், எல்லாவற்றையும் தந்தான். தேடி எடுக்க நான்கு மாதமாயிற்று. படகில் கடலுக்குப் போன நாளுக்குத்தான் பங்கு உண்டு, இது பாம்பனில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். நிறுவனத்திலும் அதுவே வேண்டும்: நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக உரிமையாகும் பங்கு, முதல் ஆண்டு முடியுமுன் போனால் எதுவும் இல்லை, இரண்டும் எழுத்தில். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

வெளி முதலீடு பற்றிச் சுருக்கமாக. முதலீட்டாளர் ஒருவர் பதினெட்டு மாதத்தில் இந்தியக் கடற்கரை முழுவதும் போக முடியுமா என்று கேட்டார். குளச்சலுக்கு ஓராண்டு எடுத்த எனக்கு அது பொய்யாகிவிடும் என்று தெரிந்தது, முடியாது என்றேன். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ வெளி முதலீடு இல்லாமல் வளர்ந்தது. 2010-ல் சென்னையில் தொடங்கிய பிரெஷ்வொர்க்ஸ் முதலீடு வாங்கி வளர்ந்து 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலானது. தமிழ்நாட்டிலேயே இரண்டு வழிக்கும் சான்று இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளர் பக்கத்துச் சம்மாட்டி சொன்னால்தான் நம்புகிறவர். அந்தப் பேச்சு பரவும் வேகத்தைப் பணம் கொடுத்துக் கூட்ட முடியாது என்பது என் அனுபவம்.

ஆட்களைப் பற்றி ஒன்று மட்டும். எங்களிடம் இருப்பவர்களிலேயே நிறுவனத்துக்கு மிகுந்த மதிப்பு சேர்ப்பவர் நிரல் எழுதுகிறவர் அல்லர். மண்டபத்தில் நண்டு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஓர் அக்கா. அதிகாலை அழைப்புகளை எடுப்பவர் அவர். யார் என்ன கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுவார். வெள்ளிக்கிழமை அந்த நோட்டை மேசையில் வைத்துத்தான் அடுத்த வாரம் என்ன செய்வது என்று முடிவு செய்கிறோம். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அது கேட்டவர்களின் அறியாமை இல்லை, எங்கள் திரையின் குறை. அக்கா சொல்லி நாங்கள் நீக்கிய பொத்தான்கள் சேர்த்தவற்றைவிட அதிகம்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தங்கச்சிமடத்தில் எங்கள் அலுவலகத்துக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு கணினிகளும் எல்லாத் தாள்களும் போயின. மின்சாரம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. ஆனால் தரவு எதுவும் போகவில்லை. சர்வர் மும்பையில் இருந்தது, அதன் நகல் வேறிடத்தில் இருந்தது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுத்துப் பார்க்கும் பழக்கமும் இருந்தது. ஒருமுறை அப்படிப் பார்த்தபோதுதான் நகல் பாதியில் நின்றுபோயிருந்ததைக் கண்டுபிடித்தோம், மழைக்கு ஐந்து மாதம் முன்பு. அந்த வெள்ளிக்கிழமைகளை யாராவது தள்ளிப்போடச் சொன்னால் நான் இப்போதும் சம்மதிப்பதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் எனக்கு மிகவும் கனமாக இருக்கும் கேள்வி வேறு. எங்களுக்குப் பணம் தருகிறவர் வியாபாரி. ஆனால் அந்தக் கணக்கில் எழுதப்படுகிறவர் சம்மாட்டி, அவர் வழியாகப் படகில் போகும் ஒவ்வொருவரும். கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று எங்களை அணுகியது. எந்தப் படகுக்கு எவ்வளவு பாக்கி என்ற பட்டியலுக்கு எங்கள் ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை தருவதாகச் சொன்னது. தர மறுத்தோம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்பது ஒரு காரணம். சட்டம் இல்லாவிட்டாலும் தந்திருக்கமாட்டேன். அது எங்கள் சொத்து இல்லை.

அதைவிடக் கடினமானது பில்லில் என்ன அச்சிடுவது என்பது. பழைய பாக்கி, இன்று பிடித்தது, இப்போதைய பாக்கி, இந்த மூன்று வரியும் ஒவ்வொரு பில்லிலும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். விலை பிறகு வந்தால் அதற்கும் ஒரு பில். கையில் கட்டிய பணத்துக்கும் பில். நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது. இதனால் சில வியாபாரிகள் விலகினார்கள். "கணக்கு நமக்குத் தெரிந்தால் போதாதா?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். போதாது என்றேன். அவரிடம் ஐந்து போன்களில் செயலி இருந்தது, அந்த ஆண்டு எங்களுக்கு அது பெரிய இழப்பு. காக்கா விலகவில்லை. தன் தெருவில் இன்னும் மூன்று பேரை அழைத்துவந்தார்.

போன தடைக்காலத்தில் அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார், 14,000 ரூபாய் அம்மா. பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு ஆண்டு பில்கள், ஒன்றுவிடாமல், தேதி வாரியாக. பாதிக்கு மேல் வெள்ளைத் தாளாக இருந்தன. தெர்மல் தாள் வெப்பத்தில் நிறம் மாறும் தாள். தகரக் கூரை வீட்டின் சூட்டில் எழுத்து மங்கி மறைந்துவிட்டது. "தம்பி, இதிலெல்லாம் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டார்.

தமிழில் அச்சிட ஆறு வாரம் போராடியவன் நான். அந்த எழுத்து எத்தனை நாள் நிற்கும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

வரும் ஏப்ரல் 15-க்குப் பிறகு எங்கள் முதல் வேலை அதுதான். ஒவ்வொரு படகுக்கும் ஓராண்டுக் கணக்கைச் சாதாரணத் தாளில், அழியாத மையில் அச்சிட்டு, கடல் திறப்பதற்குள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது. கொடுப்பதற்கு வியாபாரிகளிடம் சம்மதம் வாங்கும் வேலையை அக்கா தொடங்கிவிட்டார். காக்கா முதலில் கையெழுத்துப் போட்டார். மாதிரிக்காக அந்த அம்மாவின் படகுக்கு அச்சிட்டுப் பார்த்தோம். 41 பக்கம் வந்தது. எழுத்தைச் சிறிதாக்கினால் இருபதில் அடங்கும் என்றான் எங்கள் அலுவலகப் பையன். அந்த அம்மா கண்ணாடி இல்லாமல்தான் படிப்பார். 41 பக்கமாகவே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.